எந்த மீன் என்று சொல்ல வேண்டாமா?
கர்ப்பிணிகள் மீனையே தொடக்கூடாது, பாதரசம் இருக்கிறது என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பக்கம் குடியிருக்கும் எங்களிடம் வந்து மீனே வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்! பாதரசம் அதிகம் சேர்வது மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் சுறா, பெரிய வஞ்சிரம் போன்றவற்றில்தான். நெத்திலி, மத்தியில் மிகக் குறைவு. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பாதரசம் குறைந்த மீனை வாரம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம் என்கிறது. இரண்டு பிள்ளைக்கும் நான் கூறு நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்துத்தான் சாப்பிட்டேன். மேலே கருத்துப் பகுதியில் ஒரு அக்கா, பால் ஊற சுறாப்புட்டு கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். என் மாமியாரும் அதைத்தான் செய்து போட்டார், ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறாவும் ஒன்று அக்கா. பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தாலே பால் ஊறும். அப்புறம் கருவாடு: ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அந்த உப்புக்காகவே கொஞ்சம் தள்ளி வையுங்கள்.