ஹெட்போன் போடச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

சனிக்கிழமை நான் போட்ட பதிவும், அதன் கீழே நடந்த கூத்தும் உங்களுக்குத் தெரியும். மறுபடி முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயினில் ஒரு தம்பி சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் ஹெட்போன் போட்டுக்கோப்பா" என்றேன். "அமைதி வேணும்னா ஏசி ட்ரெயின்ல போங்க ஆன்ட்டி" என்றார். நடந்தது இவ்வளவுதான். அந்தத் தம்பி மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. பதிவின் கீழே வந்து அவருக்குக் கைதட்டினீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது என்ன என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வந்திருக்கிறது. ரீல்ஸ் பார்க்காதே என்று சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் போனில் வரும் சத்தம் உங்கள் காதோடு நிற்கட்டும் என்றேன். இதைக் கேட்டதற்குத்தான் 'பூமர் ஆன்ட்டி', 'மேட்டுக்குடி மனநிலை', 'கார் வாங்கிக்கோங்க' எல்லாம். மாதச் சீட்டு வாங்கி, கூடுவாஞ்சேரியில் ஏறி, நுங்கம்பாக்கம் வரை பெரும்பாலும் நின்றுகொண்டே போகிறவள் மேட்டுக்குடி என்றால், சரி, அப்படியே இருக்கட்டும். என் மாமியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அந்த ஏசி ட்ரெயின் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் அது கடற்கரை, செங்கல்பட்டு தடத்தில் ஓட ஆரம்பித்தபோது நானும் ஆசையாகத்தான் ஏறிப் பார்த்தேன். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். அந்த வித்தியாசத்துக்கு அமைதியும் சேர்த்துக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சாதாரணப் பெட்டியில் காற்றும் தண்டவாள இரைச்சலும் போன் சத்தத்தில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடும். ஏசி பெட்டியில் கதவு தானாக மூடிக்கொள்ளும், ஜன்னல் திறக்காது. கடைசி இருக்கையில் ஓடும் சமையல் வீடியோவில் எத்தனை ஸ்பூன் உப்பு என்பது முதல் இருக்கைக்குத் தெளிவாகக் கேட்கும். ஆக, அதிகப் பணம் கொடுத்து இன்னும் துல்லியமாகக் கேட்கலாம்.

அப்புறம், இது பாட்டு மாதிரியாவது இருந்தால் பரவாயில்லை. பாட்டுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. பிடிக்காத பாட்டு என்றாலும் சரணம் தாண்டினால் முடிந்துவிடும் என்று பொறுத்துக்கொள்ளலாம். ரீல்ஸில் அதற்கும் வழியில்லை. பாதி ஜோக், ஒரு செயற்கைச் சிரிப்பு, உடனே யாரோ அழுகிறார், அதற்குள் தங்கம் விலை, அதற்குள் நாய்க்குட்டி. பார்க்கிறவர் ஒரு வீடியோவை நிறுத்திவைத்து யாருக்கோ மெசேஜ் அடித்தால் நிம்மதி. நிறுத்தாமல் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாரோ, கூடுவாஞ்சேரியில் தொடங்கிய அதே வரி வண்டலூர் வரை திரும்பத் திரும்ப ஓடும். பார்க்கிறவருக்குப் படமாவது தெரிகிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. அதற்கு முன்னால் மெமரி கார்டில் ஏற்றிய பாட்டுதான். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. இதற்கு நடுவே போன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பல மாடல்களில் ஹெட்போன் குத்தும் ஓட்டையை எடுத்துவிட்டன. "எல்லாராலும் வயர் இல்லாத பட்ஸ் வாங்க முடியுமா?" என்று ஒரு தோழி கேட்டிருந்தார். வந்த கேள்விகளில் இது ஒன்றுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. யோசித்தும் பார்த்துவிட்டேன். போன் வாங்க முடிந்தவருக்குச் சத்தத்தைக் குறைக்கும் பட்டனும் அதே போனில்தான் இருக்கிறது. அதற்குத் தனி விலை கிடையாது.

"மகளிர் பெட்டியில் நீங்கள் போடும் அரட்டைச் சத்தத்தை விடவா?" என்று ஒருவர். இவர் மகளிர் பெட்டியில் எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. ஆமாம், பேசுவோம். கீரை ஆய்வோம், பூக் கட்டுவோம், யார் மகளுக்கு வரன் அமைந்தது என்று பெட்டிக்கே கேட்கும்படி விசாரிப்போம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் ஓரத்தில் ஒருத்தி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தால் யாராவது ஒருவர், "மெதுவா பேசுங்கடி, பாவம் நைட் ஷிப்ட் பார்த்துட்டு வர்றா" என்பார். குரல் தானாக இறங்கும். மனிதர் வாயில் இருந்து வரும் சத்தத்துக்கு எதிரில் இருப்பவரைப் பார்க்கத் தெரியும். போனுக்குத் தெரியாது, அதைப் பிடித்திருப்பவர் தலையைத் தூக்கினால்தானே தெரியும்.

பார்வையற்றவர்கள் தோளில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு பாடிப் போகிறார்களே, அவர்களையும் நிறுத்தச் சொல்வேனா என்றும் கேட்டிருந்தார்கள். மாட்டேன். அது பிழைப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கேட்டவர்களுக்கு வேறு பதில் இல்லை.

இப்போது முக்கியமான குற்றச்சாட்டு. "நீங்கள்தானே தனியார் பஸ்ஸில் இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்தேன் என்று உருகி உருகி எழுதுவீர்கள், அது மட்டும் சத்தம் இல்லையா?" இதற்கு எண்பதுக்கு மேல் லைக். போட்டவர்களில் என் சித்தப்பா மகனும் உண்டு.

இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் அப்பா திண்டுக்கல், வத்தலக்குண்டு தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வண்டிக்கு வரும் பாட்டெல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் வந்த வாரம், கேட்கும் பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டருக்குப் போவார், சில சமயம் நானும் கூடப் போவேன். கோடு போட்ட நோட்டில் பாட்டு வரிசையை எழுதி வைத்திருப்பார். அறுபது நிமிட கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், அதில் எது முதலில், எது அடுத்து என்று அவருக்கு ஒரு கணக்கு. காலை முதல் ட்ரிப்புக்குப் பக்திப் பாட்டு, காலேஜ் கூட்டம் ஏறும் நேரத்துக்கு வேகமான டூயட், சாயங்காலம் சந்தை முடிந்து திரும்புகிறவர்களுக்கு மெலடி, கடைசி ட்ரிப்பில் சோகப் பாட்டு வேண்டவே வேண்டாம், டிரைவர் அண்ணன் அழுதுவிடுவார் என்று சிரிப்பார். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் அப்பா ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய் வால்யூமைத் திருகிவிட்டு வருவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற முகங்கள் அவருக்குத் தெரியும். அன்றைக்கு டேப்பையே அணைத்துவிடுவார். பஸ் முழுக்க ஒரே பாட்டு, அதைப் போடுபவர் ஒருவர், பிடிக்கவில்லை என்றால் போய்ச் சண்டை போட ஒரு முகவரி இருந்தது. இன்று ஒரு பெட்டியில் இருபது போன், இருபது பாட்டு. யாரிடம் போய்ச் சொல்வது? ஒருவரிடம் சொன்னதற்கே இந்தப் பாடு.

அதையும் இதையும் ஒன்று என்று சொன்னபோது எனக்கு வலித்தது. சித்தப்பா மகனுக்கு அப்பாவைத் தெரியும். அந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் போனவன் அவன்.

சட்டமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது, போனில் உரக்கப் பேசக் கூடாது என்று ரயில்வே வாரியம் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய நவம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் சொல்லி அங்கே அரசு பஸ்களில் தடை வந்தது. நான் 'சொந்தமாக ரூல்ஸ் போடுகிறேன்' என்று எழுதிய அட்வகேட் நண்பர் கவனிக்கவும். நம் லோக்கலில் இதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

"உங்ககிட்டதான் ஹெட்போன் இருக்கே, நீங்க போட்டுக்க வேண்டியதுதானே?" இதுதான் இருப்பதிலேயே எனக்கு எரிச்சலூட்டிய கமெண்ட். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் சார். வீட்டில் டிவி மாமியாருடையது, ஆபீஸில் என் காது மேனேஜருடையது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருக்கிறது. இளையராஜா பாட்டில் அடியில் ஓடும் பேஸ் கிடாரை பஸ் ஸ்பீக்கரில் நான் கேட்டதே இல்லை. இத்தனை வயதில், இந்த ஹெட்போனில்தான் அது எனக்குக் கிடைத்தது. பல்லவிக்குக் கீழே அது தன்பாட்டுக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். பக்கத்தில் ரீல்ஸ் அலறினால் முதலில் அடிபடுவது அதுதான். உங்கள் சத்தத்தை ஜெயிக்க என் வால்யூமை ஏற்றி என் காதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே ஏற்றினாலும் நிலையத்தின் பெயர் சொல்வது கேட்காது, பின்னால் யார் நெருங்கி நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. இரவு எட்டரை மணிக்குக் கூட்டம் குறைந்த பெட்டியில் ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று அறிவுரை சொன்ன ஆண்கள் ஒருவராவது நினைத்தீர்களா? ரெயின்கோட் எல்லாம் நான் போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீர் ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருப்பாரா?

"அந்தக் காலம் பொற்காலம்" என்றும் யாரும் கீழே வந்து எழுதாதீர்கள், அதைச் சொல்ல நான் வரவில்லை. வீடியோ கோச்சில் நள்ளிரவு வரை சண்டைப் படம் போட்டு ஒரு பஸ்ஸையே தூங்க விடாமல் செய்த காலமும் அதுதான். அப்பாவுக்கே அது பிடிக்காது.

வேறு என்ன சொல்ல. சனிக்கிழமைப் பதிவை அழிக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: அழிக்க மாட்டேன். கமெண்டையும் மூட மாட்டேன். ஆனால் 'ஹஹா' போட்டவர்கள் வரிசையில் முதல் பெயர் என் மகனுடையது. அவனுக்கு மட்டும் பதில் இங்கே கிடையாது. இன்று ராத்திரி அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துச் சத்தமாகப் பார்ப்பான் இல்லையா, அப்போது பேசிக்கொள்கிறேன்.