அது சம்பளப் பேரணி அல்ல

நூற்றுக்கணக்கான போலீசார் சைக்கிளில் அணிவகுக்கும் வீடியோ ஒன்று, ‘சம்பளம் கேட்டு அமெரிக்க போலீஸ் பேரணி’ என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த வரி தவறு.

வீடியோவில் இருப்பது ‘போலீஸ் யூனிட்டி டூர்’. பணியின்போது உயிரிழந்த போலீசாரின் நினைவாக, நியூஜெர்சி போலீஸ் அதிகாரி பேட்ரிக் மொன்டூர் 1997-இல் தொடங்கிய பயணம் இது. முதல் தடவை சைக்கிள் மிதித்தவர்கள் 18 பேர்தான். இப்போது ஆண்டுதோறும் மே மாதம் பல ஊர்களிலிருந்து கிளம்பி, வாஷிங்டனில் உயிரிழந்த போலீசாருக்காக உள்ள தேசிய நினைவுச்சின்னத்தில் வந்து சேர்கிறார்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் கையில் ஒரு காப்பு அணிவார்கள். இறந்துபோன ஒருவரின் பெயர் அதில் பொறித்திருக்கும். திரட்டும் நன்கொடை அந்த நினைவுச்சின்னத்துக்கும், 2018-இல் திறந்த அதன் அருங்காட்சியகத்துக்கும் உதவுகிறது. சம்பளப் பேச்சுக்கே இதில் இடமில்லை.

சந்தேகம் என்றால், போலீஸ் யூனிட்டி டூரின் இணையதளத்திலேயே வரலாறு இருக்கிறது. நினைவுச்சின்னத்தின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

அஞ்சலி செலுத்தப் போகிறவர்களைப் பணத்துக்காகத் தெருவில் இறங்கியவர்களாகக் காட்டுவது, உறவை இழந்த குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? சரி, அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.