பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் நிலம்

இந்தோனேசியாவில், பாகான் பத்து ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ரியாவ் மாகாணம் முடிந்து வட சுமத்ரா வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கமும் செம்பனை, அந்தப் பக்கமும் செம்பனை; பாமாயில் தரும் மரம் அது. அங்கே ஓர் எண்ணெய் ஆலையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன்.

நான் மலேசியாவில், பேராக்கில் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். அப்பா ஆயுசு முழுக்கக் குலை வெட்டினார். அதில் ஒரு மரம்கூட அவருடையது இல்லை. சுமத்ராவில் ஜாவாக்காரரும் பாத்தாக் இனத்தவரும் இரண்டு ஹெக்டேர் சொந்தமாக வைத்திருப்பதைப் பார்த்து மனசு நிறைந்தது. அந்தச் சொந்தம் எதில் நிற்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை எல்லாரும் பாக்டே, அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் மஞ்சள் படிந்த ஒரு தாள். ஊர்த்தலைவர் முத்திரை, சாமாட் எனும் வட்டார அதிகாரியின் கையெழுத்து, நான்கு பக்கத்து நிலக்காரர்களின் கைநாட்டு. ‘சுராட் கந்தி ருகி’ என்பார்கள். பணம் கொடுத்து நிலத்தை வாங்கியதற்கான கடிதம், அவ்வளவுதான். அது பட்டா இல்லை. அரசின் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களுக்கு இரண்டு ஹெக்டேர் தோட்டத்தோடு பட்டாவும் கிடைத்தது. பின்னால் சொந்தக் காசில் வாங்கியவர்கள் பலரிடம் இந்தக் கடிதம்தான்.

2022 ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தியது. மே 23 வரை தடை. எங்கள் ஆலைத் தொட்டிகள் நிரம்பிவிட்டன, வாசலில் லாரி வரிசை. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும். பட்டா இருந்தவர் அதை வங்கியில் வைத்துச் சமாளித்தார். கடிதக்காரர் பழம் வாங்கும் வியாபாரியான தவுக்கேயிடம் கடன் வாங்கினார். அடுத்த பழம் அந்தத் தவுக்கே சொன்ன விலைக்கே போனது.

மரத்துக்கு இருபத்தைந்து வயதானால் அரிவாள் கட்டிய கம்பு குலைக்கு எட்டாது, விளைச்சலும் விழும். மறுநடவுக்கு 2017 முதல் அரசு மானியம் தருகிறது; இப்போது ஹெக்டேருக்கு 60 மில்லியன் ரூப்பியா. ஆனால் வனத்துறை வரைபடத்தில் அந்த நிலம் காடு என்று இருந்தால் ஒரு காசு வராது. ரியாவில் எத்தனையோ கிராமங்கள் அந்த வரைபடத்துக்குள்தான் இருக்கின்றன.

2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு, காட்டு எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களை அரசு கையகப்படுத்தி வருகிறது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரை வளைத்துப்போட்ட கம்பெனியிடமிருந்து எடுக்கட்டும், நானே கை தட்டுவேன். இரண்டு ஹெக்டேர்க்காரரை அதே கணக்கில் சேர்ப்பது அநியாயம். முதலில் அவர்களுக்குப் பட்டாவைக் கொடுங்கள், அப்புறம் வரைபடத்தை விரியுங்கள்.

போன மாதம் பாக்டே போன் பண்ணினார். பக்கத்துத் தோட்டத்தில் கையகப்படுத்தும் பலகை நட்டிருக்கிறார்களாம். “நம்முடையதும் அதில் வருமா?” என்று என்னிடம் கேட்கிறார். ஐந்து வருடமாவது அங்கேயே குடியிருந்து, ஐந்து ஹெக்டேருக்குள் வைத்திருப்பவருக்கு அபராதம் கிடையாது என்று 2020 வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அச்சடித்து டின்னுக்குள் வைத்துவிட்டாராம்.