ஸ்லோவை ஏத்துறதுக்கு முன்னாடி சோக்கைத் தூக்கிப் பாருங்க

பழைய வண்டி நின்ன இடத்துல ஆஃப் ஆகுதுன்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, முதல் வேலையா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஸ்லோவை, அதாவது ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் ஓடுற வேகத்தை, ஏத்தி விட்டுடறாங்க. மலையில இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதுக்கு ஒத்துக்காதீங்க.

எங்க அப்பா 1999ல வாங்கின ஸ்ப்ளெண்டர். ரெண்டு வருஷம் தம்பி கோயம்புத்தூர்ல ஓட்டிட்டு, தை மாசம் ஊட்டி பக்கம் கேத்திக்குக் கொண்டுவந்து விட்டான். ரோட்டுல நல்லாத்தான் இழுத்துச்சு. ஆக்சிலேட்டரை விட்டா உடனே இறங்காது, கொஞ்ச நேரம் உறுமிக்கிட்டே இருந்து அப்புறம் தடதடன்னு இறங்கி ஆஃப் ஆயிடும். பாலாடாவுல கேரட் மூட்டை ஏத்துறதுக்குள்ள நாலு தடவை கிக்கர் உதைக்கணும். கேட்டவங்க எல்லாம் சொன்னது ஒண்ணுதான்: "கீழ டியூன் பண்ண வண்டி, மேல வந்தா அப்படித்தான்."

அதுல நியாயம் இல்லாம இல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தை விட இங்க காத்தோட அடர்த்தி ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஆனா காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்பரேட்டர்ல, பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை அதே ஓட்டைதான். அதனால காத்துக்கு மிஞ்சின பெட்ரோல் போய் கலவை ரிச் ஆகும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும்.

ஒரு கடையில ஸ்லோவை நல்லா ஏத்திக் கொடுத்தாங்க. அதோட குன்னூர் தாண்டி பர்லியார் இறக்கத்துல போனேன். ஆக்சிலேட்டரை முழுசா விட்டும் எஞ்சின் வண்டியைப் பிடிச்சு இழுக்கல, பின்னாடி யாரோ தள்ளுற மாதிரியே போகுது. ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு அழுத்தி அழுத்தி, சூடேறி, பிடிப்பே குறைஞ்சிடுச்சு. பின்னால என் பொண்ணு உட்கார்ந்திருந்தா. இறக்கத்துல நம்மைக் காப்பாத்துறது எஞ்சின் பிடிப்புதான், அதை ஒரு ஸ்க்ரூவால கெடுத்து வெச்சிருந்தாங்க. இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறல.

அப்புறம்தான் எல்லநள்ளிப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். ஸ்க்ரூவைத் தொடவே இல்ல. "ஒரு ரவுண்டு போயிட்டு வா தம்பி, எஞ்சின் சூடாகட்டும்"னாரு. வந்ததும் ஸ்லோவைப் பழையபடி இறக்கி, சோக்கை, அதாவது காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டுற லிவரை, பாதி தூக்கினாரு. வண்டி அமைதியா நின்னுச்சு!

"உயரத்தால ரிச் ஆகியிருந்தா சோக் போட்டதும் மூச்சு முட்டி நின்னிருக்கணும். இது பெட்ரோல் பத்தாம தவிக்குது" என்றார். பிளக்கைக் கழட்டினா வெள்ளையா வெளுத்திருக்கு. நாங்க எல்லாரும் நேர் எதிரா யோசிச்சிருக்கோம்.

கார்பரேட்டர் எஞ்சினோட சேர்ற இடத்துல பாட்டில்ல இருந்து தண்ணியைப் பீச்சினாரு. சத்தம் சட்டுனு மாறுச்சு. கழட்டிப் பார்த்தா, காத்து கசியாம அடைக்கிற ரப்பர் ஓ ரிங் தட்டையாகி, விரல் பட்டதும் உடைஞ்சு வந்தது. அந்த வழியா திருட்டுக் காத்து போயிருக்கு. ஆக்சிலேட்டரை விட்டும் உறுமினதுக்குக் காரணம் அதுதான்.

ஸ்லோவுல ஓடறப்ப பெட்ரோல் கொடுக்குற ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாரு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை, பாதி பழுப்பா அடைஞ்சிருந்தது. கம்பி விட்டா ஓட்டை பெருசாயிடும்னு, பிரஷ் முடி ஒண்ணைப் பிடுங்கி விட்டு, காத்தடிச்சாரு. கடைசியாத்தான் கலவையைச் சரிபண்ற ஏர் ஸ்க்ரூ. உயரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் லீன் பண்ணினாரு, அதாவது கலவையில பெட்ரோலைக் குறைச்சாரு. அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா உள்ள திருக திருக ரிச், எஞ்சின் பக்கம் இருந்தா உள்ள திருக திருக லீன். இது தெரியாம கை வைக்காதீங்க.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு புது வண்டி எல்லாம் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன். இந்த வேலை தெரிஞ்ச கைகள் குறைஞ்சுகிட்டே வருது. அப்படி ஒருத்தர் உங்க ஊர்ல இருந்தா, கூலியில பேரம் பேசாதீங்க.

மழைக்காலத்துல வண்டியை வாரக்கணக்கா நிறுத்துறவங்களுக்கு ஒண்ணு. இப்ப பெட்ரோல்ல கலக்குற எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் காக்கை (பெட்ரோல் வர்ற வழியை அடைக்கிற திருகை) மூடிட்டு, கார்பரேட்டர் அடியில இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்துல இருக்கிறதை ஒரு பாட்டில்ல பிடிச்சிடுங்க. என் வண்டியில பிடிச்சப்ப அடியில தண்ணி முத்து முத்தா உருண்டு நின்னுச்சு.