ஓநாய்க்குப் பசிக்கலையா?

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கும் நேரத்தில் அண்ணன் மகள் ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். ஆறு வயது அவளுக்கு. சிவப்புக் குல்லாச் சிறுமி கதை. வழவழவென்ற தாள், அழகான படங்கள். ஓநாய் பாட்டி வீட்டுக்கு வருகிறது. பாட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறது. சிறுமி வந்ததும் அவளைத் துரத்துகிறது. விறகுவெட்டி ஓடி வருகிறார். ஓநாய் மன்னிப்புக் கேட்கிறது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். முடிந்தது.

அவள் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, ஓநாய்க்குப் பசிக்கலையா? பசிச்சா பாட்டியைச் சாப்பிட்டிருக்கும்ல? எதுக்கு அலமாரில வச்சுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் புத்தகத்திலும் இல்லை. பசியில்லாத ஓநாய் எதற்காக ஒரு கிழவியின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? ஒரு வாரமாக இதே யோசனையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய கதையை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாறாமல் வந்த கதை என்று ஒன்று கிடையாது. இதே சிவப்புக் குல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ஷார்ல் பெரோ 1697-இல் இதை அச்சில் கொண்டுவந்தார். அதில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு சிறுமியையும் தின்கிறது. அவ்வளவுதான் கதை. வேட்டைக்காரரும் இல்லை, விறகுவெட்டியும் இல்லை. கடைசியில் செய்யுளில் ஒரு புத்திமதி மட்டும் உண்டு. இனிக்க இனிக்கப் பேசிப் பின்னாலேயே வரும் சாதுவான ஓநாய்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்று இளம்பெண்களுக்குச் சொல்கிறார். அரசவையைச் சுற்றி வாழ்ந்த சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் எழுதியவர் அவர். ஓநாய் என்று யாரைச் சொல்கிறார் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட வடிவத்தில்தான் வேட்டைக்காரர் வருகிறார். தூங்கும் ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். சிறுமியும் பாட்டியும் உயிரோடு வெளியே வருகிறார்கள். பிறகு அந்த வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள். கல்லை எடுத்துவருவது யார் தெரியுமா? அந்தச் சிறுமியேதான். நாம் இன்று வாங்கும் புத்தகங்கள் பலவற்றில் அந்த இடம் இருப்பதில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொரு வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அஷீல் மில்லியன் என்ற நாட்டாரியல் சேகரிப்பாளர் பிரான்சின் நியேவ்ர் பகுதியில் கிராமத்து மக்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிவைத்தது. ஏட்டில் ஏறியது பிந்தித்தான் என்றாலும், பெரோவுக்கும் முந்திய வாய்மொழி மரபின் சாயல் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதில் குல்லாவே இல்லை. ஓநாய் மனிதன் ஒருவன் வழிமறித்து, "ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா?" என்று கேட்கிறான். பாட்டியைக் கொன்று, இறைச்சியை எடுத்துவைத்து, என்னவென்று தெரியாத பேத்திக்கே கொடுக்கிறான். படிக்கும்போது எனக்கே குலை நடுங்கியது. ஆனால் முடிவைப் பாருங்கள். படுக்கையில் இருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. "வெளிக்குப் போகணும்" என்கிறாள். அவன் அவள் காலில் கயிற்றைக் கட்டி அனுப்புகிறான். அவள் முற்றத்துக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒரு பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓட்டம் பிடிக்கிறாள். தப்பித்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். யாரும் வந்து காப்பாற்றவில்லை.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். கிராமத்துக் கிழவிகள் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லியிருக்கக்கூடிய கதையில் தன் புத்தியால் தப்பிய பெண் அவள். படித்தவர் கைக்கு வந்ததும் ஓநாய்க்கு இரையானாள். இன்னொரு நூற்றாண்டு கழித்து அவளைக் காப்பாற்ற ஓர் ஆண் தேவைப்பட்டார். இப்போது நாம் 'தைரியமான பெண் குழந்தை' என்று புதுசாகக் கண்டுபிடித்தது போல எழுதுகிறோம். அந்தத் தைரியசாலி அங்கேயேதான் இருந்தாள்.

கிரிம் சகோதரர்களும் தங்கள் புத்தகத்தையே ஓயாமல் திருத்தியவர்கள்தான். வாய்மொழிக் கதைகள் அழிவதற்குள் பதிந்துவைக்க வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் நோக்கம். குறிப்புரைகளோடு வந்த அறிஞர் புத்தகம் அது. ஆனால் வாங்கியவர்கள் வீட்டில் குழந்தைகளுக்கு வாசித்தார்கள், இதெல்லாம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று குறை எழுந்தது. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குழந்தைகளுக்குப் பொருந்தாதவற்றைக் கவனமாக நீக்கியிருப்பதாக எழுதினார்கள். 1825-இல் 50 கதைகளை மட்டும் எடுத்து, தம்பி லுட்விக் எமிலின் படங்களோடு ஒரு சிறிய பதிப்பு போட்டார்கள். 1857-இல் ஏழாம் பதிப்பு வரும்வரை வில்ஹெல்ம் கிரிம் கை வைத்துக்கொண்டே இருந்தார்.

எதை நீக்கினார்கள் என்று பாருங்கள். முதல் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்ஸல், "என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிக்கொண்டே வருகிறது?" என்று வெள்ளந்தியாகக் கேட்கிறாள். இளவரசன் வந்து போனதும் அவள் கர்ப்பமாக இருப்பதும் அதிலிருந்துதான் வெளிப்படுகிறது. அடுத்து வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வி காணாமல் போனது. ஆனால் ஸ்னோ ஒயிட் கதையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டு அரசியைச் சாகும்வரை ஆடவைக்கும் இடம் அப்படியே நின்றது. சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்களைப் புறாக்கள் கொத்தும் தண்டனை 1819-இல் புதிதாகவே சேர்ந்தது! அந்தக் காலத்துப் பெற்றோருக்குக் கர்ப்பம் சங்கடம், தண்டனை சங்கடமில்லை. நமக்குத் தண்டனை சங்கடம். குழந்தைக்கு எது கூச்சம், எது பயம் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் மாற்றம் ஒன்று உண்டு. 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது அவளைப் பெற்ற தாய். ஹான்சல், கிரெட்டல் என்ற பிள்ளைகள் இருவரையும் காட்டில் விடச் சொல்வதும் பெற்ற தாய்தான். வீட்டில் ரொட்டி இல்லை, அதுதான் காரணம். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று தாங்க முடியாமல், முதல் கதையில் 1819-லும் இரண்டாவதில் 1840-லும் தாயை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஒரு சொல்தான் மாறியது. நம் ஊரிலும் சித்தி கொடுமைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் அந்தச் சொல் இங்கே சுலபமாகப் பொருந்திவிட்டது. என் தோழி ஒருத்தி கணவரின் முதல் மனைவி பெற்ற பையனை வளர்க்கிறாள். ஸ்னோ ஒயிட்டுக்கு மாற்றாந்தாய் விஷ ஆப்பிள் கொடுக்கும் கதையைக் கேட்டுவிட்டு, அவன் நாலு வயதில் ஒருநாள் அவள் நறுக்கிக் கொடுத்த ஆப்பிளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லும்போது அவள் குரல் இப்போதும் உடைகிறது. குழந்தைகளுக்காகச் செய்த திருத்தம் அது.

நம் வடைக் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈசாப்பின் காகமும் நரியும் இங்கே வந்து, பாலாடைக் கட்டிக்குப் பதிலாகப் பாட்டி சுட்ட வடையைத் தூக்கிக்கொண்டன. நான் சின்னவளாக இருந்தபோது காக்கா ஏமாந்தது. இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடுகிறது, நரி ஏமாந்து போகிறது. எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கிறது என்று யோசித்தால், இதிலும் நரி நரியாகவே இருக்கிறது. அதற்கு வடை வேண்டும், அதற்காகப் பொய் சொல்லும். ஆபத்து அப்படியே இருக்கிறது, காக்காவுக்குத்தான் புத்தி வந்திருக்கிறது. அந்தப் படப் புத்தகத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஓநாயின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால் சிறுமிக்குச் செய்வதற்கு எதுவுமே மிச்சமில்லை.

பிள்ளை பயந்துவிடும், தூங்காது என்பார்கள். சரி, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி, மடியில் இருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி அப்படித்தான் சொல்வாள். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். கிளியின் காலை ஒடித்தால் அரக்கனின் கால் ஒடியும். நாங்கள் நெருங்கி நெருங்கி அவள் சேலைக்குள் போய்விடுவோம். யாராவது ரொம்ப மிரண்டால் குரலைத் தாழ்த்தி முதுகைத் தடவிக்கொண்டே சொல்வாள். ஆனால் அரக்கன் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த இருட்டில் நாங்கள் நன்றாகவே தூங்கினோம்.

மறுநாள் இரவு புத்தகத்தை எடுக்காமல் வாயாலேயே சொன்னேன். ஓநாய் பாட்டியை விழுங்கியது என்றதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் நிறுத்தினேன். "சொல்லு" என்றாள். வயிற்றை வெட்டினதும் உள்ளே இருட்டாக இருந்ததா என்று கேட்டாள். ரொம்ப இருட்டு என்றேன். கல்லை அவளே தூக்கினாளா, எத்தனை கல் என்று கேட்டாள்.

அப்புறம், கிரிம் கதையின் வாலில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. மறுகூறல்களில் அநேகமாக எல்லோரும் வெட்டிவிடுவது அதைத்தான். இன்னொரு நாள் வேறொரு ஓநாய் வருகிறது. இந்தத் தடவை சிறுமி வழியில் நிற்காமல் நேரே பாட்டியிடம் போய் விஷயத்தைச் சொல்கிறாள். கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறார்கள். ஓநாய் கூரை மேல் ஏறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் சாசேஜ் வேகவைத்த தண்ணீரைப் பாட்டி சொல்லச் சொல்ல, சிறுமி வாளி வாளியாக வாசலில் இருக்கும் கல் தொட்டியில் ஊற்றுகிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் மோப்பம் பிடித்துக் கழுத்தை நீட்டி, நீட்டி, வழுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிப் போகிறது. பாட்டியும் பேத்தியும் மட்டும். வேட்டைக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

சாசேஜ் என்றால் அவளுக்குத் தெரியாது. அதனால் நானும் கதையை மாற்றினேன், மீன் குழம்பு என்று சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். "அப்போ அதுக்கு நிஜமாவே பசிச்சிருக்கு" என்றாள். நேற்று போனில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரும்போது மறுபடி அந்தக் குழம்புக் கதையைச் சொல்ல வேண்டும் என்றாள். இந்தத் தடவை வஞ்சிரமா நெத்திலியா என்று அவளே முடிவு செய்வாளாம்.