புனித வெள்ளியன்று டப்ளின் பப்கள் திறந்திருக்கும்

ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் போவதைப் பற்றிய பேச்சில், "புனித வெள்ளியன்று அயர்லாந்தில் ஒரு பப்கூடத் திறக்காது, சட்டமே அப்படி" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அதை நம்பிப் பயணத் தேதியையே மாற்றப்போவதாக இரண்டு பேர் எழுதியிருப்பதால் இந்தத் திருத்தம்.

அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். 1927-இல் வந்த தடை தொண்ணூறு வருடம் நீடித்தது. ரயில் பயணிகளுக்கு அதில் விலக்கு உண்டு என்பதால், ஊருக்குப் போகும் எண்ணமே இல்லாமல் டிக்கெட் வாங்கி ஸ்டேஷன் பாரில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள்! ஆனால் 2018-இல் சட்டத்தைத் திருத்தித் தடையை நீக்கிவிட்டார்கள். அந்த வருடம் மார்ச் 30 புனித வெள்ளி. அன்றே பப்கள் திறந்தன. பழைய பயணக் கையேடுகளில் இன்னும் பழைய தகவல்தான் இருக்கும், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். கிறிஸ்துமஸ் அன்றுதான் இப்போதும் பப்கள் மூடியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் அயர்லாந்து அரசின் 'ஐரிஷ் ஸ்டாட்யூட் புக்' தளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டங்களில் மதுவிற்பனைத் திருத்தச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். மிகச் சிறியது, ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். அப்புறம், சட்டம் அனுமதித்தாலும் திறப்பதா வேண்டாமா என்பது கடைக்காரர் விருப்பம். டப்ளினின் டெம்பிள் பார் என்ற பகுதியில் குறிப்பிட்ட ஒரு பப்புக்குத்தான் போக வேண்டும் என்றால் அவர்களிடமே அன்றைய நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.