ரேடியோவை யாரும் கேட்பதில்லையாம்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இந்த வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே, அதுவும் என் சொந்த மதினியே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு அதைப் போட்டதும் பொறுக்கவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும். வாசிக்க நேரமில்லாதவர்கள் அதே பொம்மையை இங்கேயும் போட்டுவிட்டுப் போகலாம்.

எந்த வீடியோ என்று விளக்க வேண்டியதில்லை, நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. டிஜிட்டல் உலகம் பற்றிப் பேச வந்த சிறப்பு விருந்தினர், "இந்தக் காலத்துல ரேடியோ கேட்கிறவங்க யாராவது இருக்கீங்களா, கை தூக்குங்க" என்கிறார். இரண்டாவது வரிசையில் ஒரு பாட்டா கை தூக்குகிறார். "தாத்தா, உங்களை மியூசியத்துலதான் வைக்கணும்" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. உடனே, "பார்த்தீங்களா, ரேடியோவை இன்னைக்கு யாரும் கேட்கிறதில்லை" என்று முடிவும் சொல்லிவிடுகிறார்.

தூக்கிய கையை அந்த மனிதர் இன்னும் இறக்கக்கூட இல்லை. அதற்குள் யாரும் இல்லையாம். அப்போ அந்தப் பாட்டா யார்?

வீடியோவில் வராத ஒன்றும் உண்டு. பிள்ளைகளின் நடனத்துக்குத் தைத்த பாவாடைகளைக் கொடுக்கப் போன நானும் அந்த மண்டபத்தில் கடைசிக் கதவோரம் நின்றேன். நானும் கை தூக்கினேன். பக்கத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையனும் தூக்கினான். வெளிச்சமும் கேமராவும் மேடைப் பக்கம்தான் இருந்தன. எங்கள் கை யார் கணக்கிலும் ஏறவில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ரேடியோ கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கெடுக்கிறவர்களின் கண்ணில் அவர்கள் படுவதில்லை.

யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் நிற்கிறது. ரேடியோவில் அப்படி எதுவும் கிடையாது. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கும் வானொலி நிலையத்தில் இருந்து கிளம்பும் அலையை ஒரு ஆள் பிடித்தாலும் லட்சம் ஆள் பிடித்தாலும் டவருக்கு ஒரே வேலை, ஒரே செலவு. யார் பிடித்தார்கள் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. உன் பெயர் என்ன, வயது என்ன, எங்கே இருக்கிறாய், நேற்று எந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தினாய் என்று அது கேட்பதில்லை. எனக்கு அது ரேடியோவின் மரியாதையாகத் தெரிகிறது. நிபுணருக்கு அதுவே ஆளில்லை என்பதற்கு ஆதாரம். எண் தெரியாத இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வது எந்த ஊர்க் கணக்கோ!

அதையும் எங்கே வந்து சொல்கிறார் பாருங்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறந்தது டெல்லியிலோ சென்னையிலோ இல்லை. 1984 அக்டோபர் 30-ஆம் தேதி, நம்ம நாகர்கோவிலில். பக்கத்தில் கூகுள் இருந்திருக்கும், ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம். டிஜிட்டல் ஆள்தானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் தூசி தின்றுகொண்டு தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ரேடியோ, அப்புறம்தான் மின்விசிறி. "போன்ல பாட்டுப் போடலாமேக்கா, நீங்க கேட்ட பாட்டே வருமே" என்று கடைக்கு வரும் பிள்ளைகள் சொல்லும். போடலாம் மக்களே. ஆனால் கழுத்து டிசைன் படம் அந்தப் போனில்தான் வரும். "எக்கா, பிளவுஸ் ஆச்சா?" என்று அதில்தான் கூப்பிடுவார்கள். பணமும் அதில்தான் விழும். ஒரு பாட்டு முடிவதற்குள் நாலு தடவை அறுபடும். முடிந்தால் அடுத்தது என்ன என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். விளம்பரம் வேண்டாம் என்றால் மாதா மாதம் காசு கட்டச் சொல்லும். என் கையில் துணி, வாயில் குண்டூசி, கால் மிதியில். தேர்ந்தெடுக்க விரலுக்கு எங்கே போவேன்?

கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுப்பது பெரிய வசதி என்கிறார்கள். கை சும்மா இருப்பவர்களுக்கு வசதிதான்.

என் பெட்டியில் நாகர்கோவில் 101. முள்ளை ஒரு மயிரிழை தள்ளினால் 101.9-ல் திருவனந்தபுரம். பாதிப் பாட்டு தமிழில், கை பட்டுவிட்டால் மீதி மலையாளத்தில். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, என் ரேடியோ முள் இன்னும் முழுசாகச் சேரவில்லை. திருநெல்வேலியை மீடியம் வேவில் வைத்துவிட்டு மோட்டார் மிஷினை ஓட்டினால் கர்ரென்று இரைச்சல் வரும், எஃப்எம்மில் அந்தத் தொல்லை இல்லை. இதெல்லாம் மியூசியத்துச் சமாச்சாரம் இல்லை, இன்று காலை நடந்தது.

அந்தப் பாட்டாவை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், மனிதர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். இன்றைக்கும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் மரமாகப் போய் வெட்டி, வெயில் ஏறும் முன் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து முடிக்க வேண்டும். பால் எடுக்கும் நேரம் கழுத்தில் ஒரு சின்ன ரேடியோ தொங்கும். மலையோரத்தில் மொபைல் டவர் எப்படி எடுக்கும் என்று குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். எஃப்எம்மும் பள்ளத்தில் எடுக்காது, மேட்டுக்கு வந்தால் எடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பாலில் ஊறிய விரலை வைத்துத் தொடுதிரையைத் தேய்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் எது நவீனம் என்று.

என் அம்மா அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். வெளியூர் நண்பர்களுக்காக: முந்திரி ஆலை. கொட்டை உடைக்கும்போது வடியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து வெந்துபோயிருக்கும். அங்கே ஒரு மூலையில் ரேடியோ இருந்தது. நாள் முழுக்கக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்தப் பெட்டிதான் மணி காட்டும். செய்தி முடிந்தால் சாயா, பாட்டு முடிந்தால் சோறு. அம்மாவுக்கு எழுத வராது. நேயர் விருப்பத்துக்கு அவள் சொல்லச் சொல்ல நான்தான் போஸ்ட் கார்டு எழுதுவேன். ஒரு நாள் பெயர் வந்தேவிட்டது. அம்மாவின் பெயர், எங்கள் ஊர் மேல்புறம் என்பது வரை சுத்தமாக வாசித்தார்கள். அதுவரை அம்மாவின் பெயர் எழுத்தில் இருந்தது ரேஷன் கார்டிலும் கூலி நோட்டிலும்தான். கூலி நோட்டில் அதையும் தப்பாக எழுதியிருப்பார்கள். மறுநாள் மேற்பார்வை பார்க்கிற ஆள், "என்ன, ரேடியோக்காரி வந்தாச்சா?" என்று கேட்டாராம். சாகும் வரை அதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் பாட்டுக் கேட்டிருந்தால் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு எண் கூடியிருக்கும். அவ்வளவுதான்.

இனி வரப்போகும் கமெண்டுகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு நேரமிருக்காது, பள்ளிச் சீருடை வேலை வந்து குவிந்து கிடக்கிறது.

"ரேடியோவே இப்போ ஆப்ல வருதே." வருகிறது, நல்லதுதான். வளைகுடாவில் இருக்கும் என் தம்பி ஊர்ப் பேச்சைக் கேட்பது ஆப்பில்தான். ஆனால் ஆப்பில் கேட்கிற ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகப் பாட்டை அனுப்ப வேண்டும், ஆளுக்கு ஆள் டேட்டா வேண்டும், நெட் நின்றால் பாட்டும் நிற்கும். அது ரேடியோவுக்கு உதவி, ரேடியோவுக்குப் பதில் இல்லை.

"பிபிசியே தமிழ் ரேடியோவை நிறுத்திட்டான்." ஆமாம், 1941-ல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. லண்டன்காரன் தன் செலவுக்கு எது கட்டும் என்று பார்த்து முடிவெடுத்தான். அதற்காகக் கோணத்தில் இருக்கிறவனும் கடையைச் சாத்த வேண்டுமா?

"இளைஞர்கள் கேட்பதில்லை." உண்மை. என் மகளும் கேட்பதில்லை. இளைஞர்கள் கேட்காதது எல்லாம் இல்லாதது என்றால் நான் சொல்வதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவள் இதையும் கேட்பதில்லை.

"நிகழ்ச்சிகள் முன்போல் இல்லையே, எங்கிருந்தோ எடுத்து ஒலிபரப்புகிறார்களே." இதைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. உள்ளூர் ஆள் உள்ளூர்ப் பேச்சில் உள்ளூர் விஷயத்தைப் பேசினால்தான் உள்ளூர் நிலையம். கேட்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மேலே இருக்கிறவர்கள் தீர்மானிப்பது இந்த நாட்டில் புதிதும் இல்லை. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து, சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார்களா? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். தென்கோடிக் கடற்கரையில் இருக்கும் எங்களுக்குக் கொழும்பு சுத்தமாகக் கேட்கும். கடைசியில் 1957-ல் அரசாங்கமே சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. என் அப்பா அப்புறமும் இலங்கையை விடவில்லை, அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த மயில்வாகனம், கே.எஸ். ராஜா பெயர்களை ஏதோ சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல்தான் சொல்வார். கேட்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன். எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது, சரி.

இன்னொன்று. முன்பு சாதாரணப் பட்டன் போனில்கூட ரேடியோ இருந்தது. இயர்போன் வயரைச் செருகினால் அதுவே ஏரியல், காசு இல்லாமல் பாட்டு. இப்போது விலை கூடிய போன்களில் வயர் செருகும் ஓட்டையே இல்லை. போன்களில் எஃப்எம் வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று 2023-ல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களின் சங்கங்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டி வந்தது. கேட்கிற வழியை அடைத்துவிட்டு, கேட்க ஆளில்லை என்று மேடையில் சிரிக்கிறார்கள். எந்த நியாயம் இது?

அடுத்ததை யாராவது கட்டாயம் எழுதுவார்கள், ஏற்கெனவே ஒருத்தர் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியும்விட்டார்: "ஒக்கி வந்தப்போ உங்க ரேடியோ என்ன கிழிச்சது?"

ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. மரமும் மின்கம்பமும் சேர்ந்து விழுந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆன ஊர்கள் உண்டு. போனில் சார்ஜ் இல்லை, டவரில் உயிர் இல்லை. தூத்தூர் பக்கம் என் சிநேகிதி வீட்டில் ஒரு பேட்டரி ரேடியோவைச் சுற்றி அந்தத் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடலில் சிக்கிய மீனவர்கள் லட்சத்தீவில் கரையேறினார்கள், மகாராஷ்டிராவில் கரையேறினார்கள் என்று துண்டு துண்டாகச் செய்தி வரும். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், தங்கள் ஆள் அதில் இருக்க வேண்டுமே என்று. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்பது உண்மை. அவர்கள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போய்விட்டவர்கள். ரேடியோ அவர்களைக் காப்பாற்றவில்லை. உங்கள் ஆப் காப்பாற்றியதா? செத்தவர்களை வைத்து ரேடியோவைக் கிண்டல் செய்ய எப்படி மனம் வருகிறது? அந்தத் தெருவில் வந்து நின்று, ரேடியோவை யாரும் கேட்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

கோபம் வந்துவிட்டது. இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

ஸ்ட்ரீமிங் கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, திரும்ப ஒரு தடவை படித்துப் பாருங்கள். கேட்கிறவர்கள் கேளுங்கள். எங்களை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தைக்கிறவள், பால் வெட்டுகிறவர், அண்டி உடைக்கிறவள், கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர், ராத்திரி காவல் இருக்கிற ஆள், இத்தனை பேரையும் தள்ளிவிட்ட பிறகுதான் "யாரும்" என்ற அந்தக் கணக்கு சரியாக வரும்.

"ஓல்ட் இஸ் கோல்டு" என்று போட நினைப்பவர்களும் தயவுசெய்து போடாதீர்கள். அது பாராட்டு மாதிரி இருக்கும் அதே கிண்டல். வேண்டுமானால் புது ரேடியோ எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். டார்ச் சேர்ந்தது வருகிறது, சோலாரில் ஓடுவது வருகிறது. வாங்கும்போது மீடியம் வேவ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் எஃப்எம் பெட்டியை வாங்கிவிட்டு, திருநெல்வேலி எடுக்கவில்லை என்று என் கடைக்குச் சண்டைக்கு வரக் கூடாது.